பிப்ரவரிக்கு முன்பே பேச வேண்டும்

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் சிங்கப்பூர் நிதியமைச்சர் வரவு செலவுத் திட்ட உரையை முடித்து உட்கார்ந்த அரை மணி நேரத்தில் என் வாட்ஸ்அப் நிரம்பிவிடும். வீட்டுச் செலவுக்கு அரசாங்கம் தரும் சிடிசி பற்றுச்சீட்டு எவ்வளவு, எப்போது கிடைக்கும், மின்சார, தண்ணீர்க் கட்டணத்துக்கான யு-சேவ் தள்ளுபடி எத்தனை வெள்ளி என்று படம் படமாக வரும். அதில் தவறொன்றும் இல்லை. வீட்டுச் செலவைப் பார்ப்பவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் அந்தப் பேச்செல்லாம் இரண்டு நாளில் அடங்கிவிடுகிறது. பிள்ளைகளின் படிப்புக்கு என்ன வரப்போகிறது என்பது அதற்கு அப்புறம்தான் ஒவ்வொன்றாக வெளியே வரும். அந்த நேரத்தில் நம் ஆட்கள் யாரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. இது எனக்கு ரொம்ப நாளாக மனத்தை உறுத்துகிறது.

இப்போது டிசம்பர். அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்குப் பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் காலம் வழக்கமாக டிசம்பரில் தொடங்கி ஜனவரி நடுவரை போகும். அரசாங்கத்தின் கருத்துத் திரட்டும் பிரிவான ரீச் மூலமாகவும் நிதியமைச்சின் இணையத்தளத்திலும் யார் வேண்டுமானாலும் எழுதலாம். துணைப்பாட வகுப்பு நடத்தும் தொண்டூழியர்கள், பாலர் பள்ளி ஆசிரியர்கள், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் பெற்றோர், கோயிலிலும் பள்ளிவாசலிலும் குடும்பங்களுக்கு உதவுகிறவர்கள் என்று பிறருக்காகப் பேசும் எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன். பேசுவதாக இருந்தால் இப்போதே பேசுங்கள். பிப்ரவரி உரையைக் கேட்டுவிட்டு, "இதை விட்டுவிட்டார்களே" என்று மார்ச்சில் வருத்தப்பட்டால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதுதான். நிதியாண்டு ஏப்ரல் 1ஆம் தேதி பிறந்துவிடும்.

நாடாளுமன்றத்தில் இது எப்படி நடக்கிறது என்பதைப் பலருக்கும் யாரும் சொல்லித்தந்ததில்லை. உரை முடிந்து சில நாளில் பொது விவாதம் நடக்கும். அதன் பிறகு அமைச்சு அமைச்சாக நிதி ஒதுக்கீட்டு விவாதம். அதில் கல்வி அமைச்சுக்கு 'கே' என்ற எழுத்து. அமைச்சு ஆண்டுக்கு ஏறக்குறைய 15 பில்லியன் வெள்ளி செலவழிக்கிறது. ஓர் உறுப்பினர் எழுந்து, "இந்த ஒதுக்கீட்டில் 100 வெள்ளியைக் குறைக்க வேண்டும்" என்று ஒரு தீர்மானம் கொண்டுவருவார். உண்மையில் அந்த 100 வெள்ளியைக் குறைக்க யாருக்கும் எண்ணமில்லை. அமைச்சைக் கேள்வி கேட்பதற்காக மரபு தரும் வாய்ப்பு அது. ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடத்துக்குள் தொகுதியில் கேட்டது, பெற்றோர் எழுதியது, தொண்டு அமைப்புகள் கொடுத்த விவரம் எல்லாம் வந்துவிடும். அமைச்சர் பதில் சொன்னதும் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள்.

நம் பிள்ளைகளின் பள்ளி வாழ்க்கையைத் தலைகீழாக மாற்றிய அறிவிப்புகள் சில இந்த விவாதத்தில்தான் வந்தன. 2019 மார்ச்சில் அப்போதைய கல்வி அமைச்சர் ஓங் யி காங், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளைத் தேர்ச்சியின்படி பிரித்த விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகளே இனி இருக்காது என்று சொன்னது இங்கேதான். 2024இல் உயர்நிலை 1இல் சேர்ந்த பிள்ளைகள் ஜி1, ஜி2, ஜி3 என்று பாடத்துக்குப் பாடம் வேறு நிலையில் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். எல்லா வகுப்புகளிலும் அரையாண்டுத் தேர்வு நீங்கும் என்று சான் சுன் சிங் அறிவித்ததும் 2022இன் இதே விவாதத்தில்தான். அன்றைக்கு நேரலை பார்த்த தமிழ்ப் பெற்றோர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? "வழக்கநிலைக்கா போட்டுவிட்டார்கள்" என்று இன்றும் தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளைகளிடம் கேட்பதைப் பார்க்கிறேன். அந்தக் கேள்வி பிள்ளையை எவ்வளவு நோகடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. செய்தி அவர்களிடம் வந்து சேராதபோது அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

செய்தி வந்து சேர்ந்தாலும் அரைகுறையாகச் சேர்வது இன்னும் மோசம். போன மாதம் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

கல்வி அமைச்சின் நிதி உதவித் திட்டத்தில் வருமான வரம்பு 2026 ஜனவரியிலிருந்து உயர்கிறது. குடும்பத்தின் மொத்த மாத வருமானம் 3,000 வெள்ளிக்குள் இருக்க வேண்டும் என்பது 4,000 ஆகிறது. தலைக்கு 750 வெள்ளி என்பது 1,000 ஆகிறது. இந்த உதவி கிடைத்தால் பள்ளிக் கட்டணம், பாடநூல், சீருடை எல்லாம் இலவசம். உணவுக்கும் போக்குவரத்துக்கும் தனியாக உதவி உண்டு. எங்கள் துணைப்பாட வகுப்புக்கு வரும் ஒரு பையனின் அம்மாவிடம், புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, விண்ணப்பித்துவிட்டீர்களா என்று கேட்டேன். "எங்களுக்குக் கிடைக்காது அக்கா. வீட்டுக்காரர் சம்பளமும் என் பகுதி நேரச் சம்பளமும் சேர்ந்தா 4,800 வருது. வரம்பு 4,000தானே" என்றார். கைப்பேசியை எடுத்து, குடும்பக் குழுவில் வந்த படத்தைக் காட்டினார். அதில் 4,000 என்ற ஒரே எண்தான் பெரிதாக இருந்தது.

வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். மூன்று பிள்ளைகள், இவர்கள் இருவர், கூடவே மாமியார். ஆறு பேர். 4,800ஐ ஆறால் வகுத்தால் தலைக்கு 800. இரண்டு வரம்பில் ஒன்றுக்குள் வந்தாலே தகுதி உண்டு. பழைய வரம்பான 750இல் அவர்களுக்குக் கிடைத்திருக்காது, புதிய வரம்பில் கிடைக்கும். அவர் அந்தக் கணக்கை மறுபடியும் தன் கைப்பேசியில் போட்டுப் பார்த்தார். "மாமியாரையும் சேர்த்துக்கலாமா அக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார். கூடவே வசிக்கும் உறவினர் என்பதால் சேர்த்துக்கொள்ளலாம் என்றேன். அன்று சாயங்காலமே பள்ளி அலுவலகத்துக்குப் போன் போட்டுவிட்டார்.

அந்தப் படத்தைச் செய்து அனுப்பியவர் நல்ல எண்ணத்தோடுதான் செய்திருப்பார். ஆனால் பாதிச் செய்தி ஒரு குடும்பத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும். இப்படித் திரும்பிப் போகிறவர்கள் புகார் செய்ய மாட்டார்கள். தங்களுக்குத் தகுதி இல்லை என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவார்கள். அதனால் கணக்கிலும் வர மாட்டார்கள். வரம்பைக் கொஞ்சம் தாண்டியவர்களும் பள்ளியில் பேசிப் பார்க்கலாம், பள்ளிகள் சூழ்நிலையைப் பார்த்து உதவ இடமுண்டு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் இருக்கும் என் சித்தி மகளோடு இதைப் பற்றி அடிக்கடி பேசுவேன். அவளுடைய மகனுக்கு ஆட்டிசம். அந்த ஊரில் கல்விக்கான பணத்தில் பெரும்பகுதி மாநிலத்திலிருந்தும் உள்ளூர் வரியிலிருந்தும்தான் வருகிறது, மத்திய அரசு தருவது சுமார் பத்தில் ஒரு பங்கு. ஆனால் அந்த ஒரு பங்கு ஏழைப் பிள்ளைகளுக்கும் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கும்தான் அதிகம் போகிறது. 1975இல் சட்டம் இயற்றியபோது, சிறப்புக் கல்வி பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும், நாட்டில் ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 விழுக்காடுவரை மத்திய அரசு தரும் என்றார்கள். ஐம்பது ஆண்டாகியும் அந்த 40ஐ எட்டவில்லை. அங்குள்ள பெற்றோர் அமைப்புகள் ஆண்டுதோறும் நிதி மசோதாவை வரி வரியாகப் படித்து அந்தப் பழைய வாக்கை நினைவுபடுத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

2025 ஜூலையில் நடந்ததை அவள் சொல்லித்தான் நான் தேடிப் படித்தேன். நாடாளுமன்றம் ஏற்கெனவே ஒப்புதல் தந்த பள்ளி நிதி, ஆறு பில்லியன் டாலருக்கும் மேல், ஜூலை 1ஆம் தேதி மாநிலங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும். வராது என்று அதற்கு முந்தைய நாள்தான் கல்வித் துறை தெரிவித்தது. பள்ளி முடிந்தபின் நடக்கும் வகுப்புகள், ஆசிரியர் பயிற்சி, ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கான உதவி எல்லாம் அதில் அடக்கம். நிதி எந்தத் தேதியில், எந்தத் தலைப்பில் வர வேண்டும் என்று தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்ததால் அடுத்த நாளே குரல் எழுந்தது. மாநிலங்கள் வழக்குப் போட்டன. ஆளும் கட்சியைச் சேர்ந்த செனட்டர்களே விடுவிக்கச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் பணம் விடுவிக்கப்பட்டது. தேதி தெரியாத ஒரு சமூகமாக இருந்திருந்தால் பள்ளி திறந்த பிறகுதான் விழித்திருக்கும்.

நம் ஊரில் அப்படியொரு நெருக்கடி இல்லை. ஒப்புதல் பெற்ற பணம் நேரத்துக்கு வந்துவிடுகிறது. அதற்காக நாம் கண்ணை மூடிக்கொண்டு இருக்கலாமா? நம் இடத்தில் கேள்வியே வேறு. எது முக்கியம் என்று முடிவெடுக்கும்போது நம் பிள்ளைகளின் நிலைமை அவர்கள் மேசையில் இருந்ததா என்பதுதான் அது.

இருந்தால் மாற்றம் வரும் என்பதற்கு இங்கேயே அத்தாட்சி இருக்கிறது. கட்டாயக் கல்விச் சட்டம் 2000இல் வந்து 2003இல் நடப்புக்கு வந்தது. அப்போது சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு அதிலிருந்து விலக்கு. மேலோட்டமாகப் பார்த்தால் விலக்கு ஒரு சலுகை மாதிரித் தோன்றும். ஆனால் "என் பிள்ளையும் இந்த நாட்டின் பிள்ளை, அவனும் ஏன் சட்டத்துக்குள் வரக்கூடாது?" என்று கேட்ட பெற்றோர் இருந்தார்கள். தொண்டு அமைப்புகள் ஆண்டுக்கணக்காக விடாமல் எழுதின, உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவர்களையும் சட்டத்துக்குள் சேர்ப்பதாக 2016இல் அரசாங்கம் அறிவித்தது, 2019இல் தொடக்கநிலை 1க்கு வந்த பிள்ளைகளிலிருந்து அது சட்டமானது. கேட்கத் தொடங்கியவர்களில் பலருடைய பிள்ளைகள் அதற்குள் பள்ளி வயதைத் தாண்டியிருப்பார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நெகிழும்.

நம் தமிழ்ச் சமூகத்துக்கும் இது புதிதில்லை. 1950களில் இங்கிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வுத் துறை வரப்போகிறது, அதில் எந்த மொழிக்கு இடம் என்ற பேச்சு எழுந்தபோது, தமிழவேள் கோ. சாரங்கபாணி வேடிக்கை பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. தாம் நடத்திய தமிழ் முரசு நாளிதழில் எழுதி, 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டி, தமிழுக்கு இடம் கேட்டார். முடிவு எடுத்தாகிவிட்ட பிறகு கண்டனக் கூட்டம் போட்டிருந்தால் அது நடந்திருக்காது. 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோதும் உடனே பதிந்துகொள்ளுங்கள் என்று மக்களிடம் போய்ச் சொன்னவர் அவர். இன்றைக்கு நம்மிடம் முரசு இருக்கிறது, செய்தி இணையத்தளம் இருக்கிறது, ஒலி வானொலி இருக்கிறது, இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா இருக்கிறது. இணையத்தில் போனால் நாடாளுமன்ற அறிக்கை முழுசாகக் கிடைக்கிறது, அமைச்சர் பேச்சைக் கல்வி அமைச்சு அன்றைக்கே போட்டுவிடுகிறது. உட்கார்ந்து படித்து, மூன்று பத்தித் தமிழில் சரியாக எழுதித்தர ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒருவர் இருந்தால் போதும். அதுதான் நம்மிடம் குறைவாக இருக்கிறது.

கருத்து அனுப்புகிறவர்களுக்கு ஒன்று. "தமிழுக்கு இன்னும் செய்ய வேண்டும்" என்று எழுதினால் அதை வைத்துக்கொண்டு அதிகாரி என்ன செய்வார்? பிள்ளையின் வயது, வசிக்கும் வட்டாரம், எங்கே போய்க் கேட்டீர்கள், என்ன பதில் சொன்னார்கள், அதனால் வாரத்தில் எவ்வளவு நேரமும் பணமும் கூடுதலாகப் போகிறது என்று எழுதுங்கள். உங்கள் தொகுதி உறுப்பினருக்கும் அதையே அனுப்புங்கள். மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சிக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வாடகைப் பிரச்சினைக்கு மட்டும்தான் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவருக்கும் அந்தச் சில நிமிடப் பேச்சுக்கு உண்மையான விவரம் தேவைப்படுகிறது.

நான் இந்த முறை எழுதப்போவது குழந்தைப் பராமரிப்பு நிலையங்களில் தமிழ் பற்றி. 2014இல் தொடங்கிய கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளில் சீனம், மலாய், தமிழ் மூன்றும் உண்டு. மனமாரப் பாராட்ட வேண்டிய ஏற்பாடு. ஆனால் அங்கே சேரும்போது பிள்ளைக்கு ஐந்து வயது ஆகிவிடும். மூன்று, நான்கு வயதில் நம் பிள்ளைகள் நாள் முழுக்க இருப்பது பராமரிப்பு நிலையங்களில். பேச்சு வரும் வயதே அதுதான். "தமிழ்ப் பிள்ளைகள் போதவில்லை, ஆசிரியர் வைக்க முடியாது" என்று நிலையங்கள் சொல்வதைப் பல பெற்றோர் வாயிலாகக் கேட்டிருக்கிறேன். தமிழ் இல்லை என்று வேறு இடம் போய்விட்ட பிள்ளைகளை யாராவது எண்ணிப் பார்த்தார்களா? ஒரு வட்டாரத்தில் நான்கு நிலையங்களில் மூன்று மூன்று பிள்ளைகளாகச் சிதறி இருந்தால், ஓர் ஆசிரியர் நான்குக்கும் சுற்றிவர அரசாங்கம் சம்பள உதவி தரலாமே. இதைத்தான் கேட்கப்போகிறேன்.

உங்கள் பிள்ளைக்காக அப்படித் தேடி அலைந்திருந்தால், நிலையத்தின் பெயர் வேண்டாம், வட்டாரத்தையும் அவர்கள் சொன்ன காரணத்தையும் எனக்கு இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள். ஜனவரி முதல் வாரத்துக்குள் கைக்கு வந்தால் எல்லாவற்றையும் தொகுத்து ஒரே கடிதமாக அனுப்பிவிடுவேன். ஆங்கிலத்தில் எழுதச் சிரமமாக இருந்தால் தமிழிலேயே எழுதுங்கள், மொழிபெயர்ப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.