ஒரு நாற்காலி போடுங்கள், எங்கள் அத்தை உட்கார்ந்து புடவை பார்க்கட்டும்

போன வாரம் அத்தையைக் கூட்டிக்கொண்டு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடுக்குத் துணி எடுக்கப் போனேன். அத்தை என்றால் என் மாமியார். அவருக்கு வயது 83, எனக்கு 61. வீட்டில் கட்டிக்கொள்ள இரண்டு புடவை, அதற்கு இரண்டு ஜாக்கெட். அவ்வளவுதான் வேலை. மூன்று கடை ஏறி இறங்கிவிட்டு வெறுங்கையோடு தண்டையார்பேட்டைக்குத் திரும்பி வந்தோம். அன்றிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் போனது அத்தை நாற்பது வருஷமாகத் துணி எடுத்த கடை. பேர் வேண்டாம். அந்தக் காலத்தில் அங்கே தரை முழுக்க மெத்தை போட்டு வெள்ளை விரிப்பு விரித்திருக்கும். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு ஏறி உட்காரவேண்டும். சவுகார்பேட்டையில் சில கடைகளில் இன்னமும் அப்படித்தான். சம்மணம் போட முடியாதவர்களுக்கு ஓரத்தில் ஒரு மர ஸ்டூல் இருக்கும். "வாம்மா, ஒக்காரு. யாருக்கு? இன்னா விசேஷம்?" என்று கேட்ட பிறகுதான் கடைக்காரர் அலமாரிப் பக்கமே திரும்புவார். வீட்டுக்கு என்றால் ஒரு அடுக்கு, சீமந்தத்துக்கு என்றால் இன்னொரு அடுக்கு. கையில் எவ்வளவு காசு இருக்கும் என்பதையும் முகத்தைப் பார்த்தே ஒரு கணக்குப் போட்டுவிடுவார். அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அத்தை புடவை பார்ப்பதை நீங்கள் ஒருமுறை பார்க்கவேண்டும். முந்தானையைத் தொடவே மாட்டார். உடல் பக்கத்தை எடுத்துக் கைக்குள் கசக்கிப் பத்து எண்ணுகிற நேரம் வைத்திருந்து விடுவார். சுருக்கம் எப்படி விழுகிறது, எவ்வளவு சீக்கிரம் நிமிர்கிறது என்று பார்ப்பார். அப்புறம் வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார். "பன்னா பத்துமா?" என்று, அதாவது அகலம் போதுமா என்று, இடுப்பிலிருந்து கால் வரை வைத்துப் பார்ப்பார். கடைசியாக ஓரத்தில் இரண்டு இழையை உருவி, எச்சில் தொட்டு, தன் வெள்ளைக் கைக்குட்டையில் தேய்ப்பார். சாயம் ஒட்டினால் புடவை திரும்பப் போய்விடும்.

இதெல்லாம் மாமனார் சொல்லிக்கொடுத்தது. அவர் பெரம்பூர் பி அண்ட் சி மில்லில், பின்னி மில் என்பார்களே, அங்கே தறிக்கூடத்தில் இருந்தவர். 1996-ல் மில்லை மூடினார்கள். அதற்குப் பிறகும் எந்தத் துணியைப் பார்த்தாலும் பாவு (நீள நூல்) சரியில்லை, ஊடு (குறுக்கு நூல்) சரியில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பார். வண்ணாரப்பேட்டைக்கு அந்தப் பேர் வந்ததே கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காலத்தில் ஏற்றுமதித் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் இங்கே குடியிருந்ததால்தான். துணியால் பிழைத்த ஊர் இது. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் வீட்டுப் பெண்களுக்கும் துணியைப் படிக்கத் தெரியும்.

அந்தக் கடை இப்போது கண்ணாடிக் கதவும் ஏசியுமாக மாறிவிட்டது. கீழ்த்தளம் முழுக்க வயசுப் பிள்ளைகளுக்கான துணி. கார்கோ பேன்ட், கிராப் டாப், கோ-ஆர்டு செட் எல்லாம் ஹேங்கரில் தொங்குகிறது. புடவை எங்கே என்று கேட்டால் இரண்டாவது மாடி என்றார்கள். லிஃப்ட் இருக்கிறது, ஆனால் அது சரக்கு ஏற்றத்தானாம். அத்தை கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினார். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது. தியாகராயா கல்லூரி ஸ்டேஷனில் லிஃப்ட் இருக்கிறது. அதனால்தான் இவரைத் துணிந்து வெளியே கூட்டி வரவே முடிகிறது. அரசாங்கம் பூமிக்கடியில் லிஃப்ட் வைத்து மேலே கொண்டுவந்து விடுகிறது, கடைக்காரர் இரண்டு மாடி நடக்க வைக்கிறார்.

மேலே போனதும் மூச்சு வாங்கியது. "கொஞ்சம் ஒக்காரணும்" என்றார். நாற்காலி இல்லை. ஒரு பொண்ணைக் கேட்டேன், கீழே ஸ்டாஃப் ரூமில் இருக்கிறது, கேட்டுச் சொல்கிறேன் என்றது. யாரும் வரவில்லை. அத்தை படியில் உட்கார்ந்துவிட்டார். தன் முதியோர் பென்ஷனில் சேர்த்து வைத்த காசை சுருக்குப் பையில் முடிந்து எடுத்துக்கொண்டு புடவை வாங்க வந்தவர், ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் தாண்டிப் போகிற படியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். 2023-ல்தான் அந்தப் பென்ஷனை 1000-லிருந்து 1200 ஆக்கினார்கள். அதில் மிச்சம் பிடித்த காசு.

"ஃபுல் வாயில் கீதாம்மா?" என்று அத்தை அங்கிருந்தே கேட்டார். ஃபுல் வாயில் என்றால் மெல்லிசான காட்டன் துணி. "அது எந்த பிராண்டு பாட்டி?" என்றது அந்தப் பொண்ணு. எனக்கு அந்தப் பிள்ளைமேல் கோபம் இல்லை. இருபது வயசு இருக்கும். காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறது. வாயில் என்றால் என்ன, ஜாக்கெட்டுக்கு எடுக்கிற ரூபியா என்றால் என்ன என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. காட்டன் என்று அது காட்டியதை அத்தை கசக்கிப் பார்த்தார், ஒரு சுருக்கம் விழவில்லை. பாலியஸ்டர். சென்னைப் புழுக்கத்தில், அடுப்படியில், அதைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்கிறார்கள். பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்கிற துணி.

நம் மாநிலத்தில் 2021-ல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை கொடுக்கவேண்டும் என்று கொண்டுவந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். என் அக்கா மகள் துணிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டவள். அந்த நாற்காலி எல்லாக் கடைக்கும் ஒழுங்காக வந்து சேரட்டும். பக்கத்திலேயே வாங்க வருகிறவர்களுக்கும் நாலு நாற்காலி போடுங்கள் என்கிறேன். உட்காரவைத்துத் துணி காட்டுவதுதானே இந்த ஊரின் வியாபார முறையே?

இரண்டாவது கடை ஜாக்கெட்டுக்காக. ரெடிமேடில் எடுத்துவிடலாம் என்று பார்த்தோம். அத்தனையும் பின்பக்கம் கொக்கி, உள்ளே பேடு, இறுக்கமான கை. அத்தைக்குச் சர்க்கரை உண்டு. தோள்பட்டை இறுகிப்போய் வலது கை முதுகுப் பக்கமே போகாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகமாக வரும் என்று டாக்டரே சொன்னார். தனியாக இருக்கிற வயசான பெண் பின்கொக்கியை எப்படிப் போடுவாள்? முன்கொக்கி வைத்தது ஒன்றே ஒன்று இருந்தது, அதுவும் 34 சைஸ். டெய்லரிடம் போனால் லைனிங் இல்லாமல் தைப்பதில்லை என்கிறார்கள். லைனிங் வைத்தால் இவருக்கு அக்குள் எல்லாம் வேர்க்குரு. டூ பை டூ என்கிற காட்டன் ஜாக்கெட் துணியில், முழங்கைக்குக் கொஞ்சம் மேலே வரை கை வைத்து, முன்னால் ஐந்து பெரிய கொக்கி. இதைத் தைக்க எங்கள் தெருவில் முன்பு மூன்று பேர் இருந்தார்கள்.

புடவையின் பெருமையே அதற்கு அளவு கிடையாது என்பதுதான். ஐந்தரை மீட்டர் துணி. இருபது வயதில் கட்டினதை எழுபதிலும் கட்டலாம். வயிறு வரும், முதுகு கூனும், ஒரு பக்க இடுப்பு ஏறும், எல்லாவற்றுக்கும் அது வளைந்து கொடுக்கும். ரெடிமேடு வந்ததும்தான் நம் உடம்பு எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்று எழுத்தாகிப்போனது. அந்த எழுத்துகளுக்கு யாருடைய உடம்பை அளக்கிறார்கள்? நிஃப்ட் என்கிற மத்திய அரசின் ஃபேஷன் கல்வி நிறுவனம் நம் நாட்டு உடம்புக்கென்று அளவு அட்டவணை தயாரிக்க இந்தியாசைஸ் என்ற திட்டம் எடுத்தது. 25,000-க்கும் மேற்பட்டவர்களை அளப்பது, வயது 15 முதல் 65 வரை. நல்ல முயற்சி, ரொம்ப நாள் முன்பே செய்திருக்கவேண்டியது. ஆனால் 65-க்கு மேல் உடம்பு எப்படி இருக்கும் என்று அந்த அட்டவணைக்குத் தெரியாது. எங்கள் அத்தை அதில் இல்லை. இன்னும் ஐந்து வருஷத்தில் நானும் அதில் இருக்கமாட்டேன்.

கடைக்காரர்களின் கஷ்டமும் எனக்குத் தெரியும். புடவைச் சரக்கில் பணம் முடங்கும். ஒருத்தர் நாற்பது புடவை பிரிக்கச் சொல்லிவிட்டு ஒன்று எடுப்பார், மடித்து வைக்க இரண்டு ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். ஹேங்கரில் மாட்டிவிட்டால் வருகிறவர்களே எடுத்துப் பார்த்து அவர்களே பில் போடும் இடத்துக்குக் கொண்டுவருவார்கள். ஆன்லைனோடு வேறு போட்டி போடவேண்டும். எல்லாம் சரி. ஆனால் கேரளாவுக்கு அடுத்தபடியாக வயசானவர்கள் விகிதம் அதிகமாக உள்ள மாநிலம் தமிழ்நாடு. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2021-ல் வெளியிட்ட அறிக்கையில் இங்கே 60 தாண்டியவர்கள் 13.6 சதவீதம் என்றிருந்தது, 2031-ல் 18 சதவீதத்தைத் தாண்டும் என்று கணக்கு. தீபாவளிக்கு வீட்டில் எல்லாருக்கும் துணி எடுத்துக் கொடுப்பது யார்? பேத்தியின் கிராப் டாப்புக்குக் காசு கொடுப்பது பாதி வீட்டில் பாட்டிதான். பணம் கொடுக்கிறவருக்கு அந்தக் கடையில் ஒரு துணி இல்லை.

நைட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்கள் நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு ரேஷன் கடைக்கும் பால் பூத்துக்கும் போவதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. கேலி செய்யாதீர்கள். காட்டன் புடவைக்குக் கஞ்சி போட்டு, பிழிந்து, காயவைத்து, கொசுவம் பிடித்துக் கட்ட மணிக்கட்டில் தெம்பு வேண்டும். மூட்டு தேய்ந்தவளுக்கு அவசரமாக பாத்ரூம் போகவேண்டியிருக்கும். முன்னால் ஜிப் வைத்த நைட்டி அவளுக்கு எவ்வளவு பெரிய உபகாரம் தெரியுமா? ஆனால் அதிலும் கழுத்து தோளை விட்டு இறங்குகிறது, கை பாதிதான். முக்கியமாக, பாக்கெட் கிடையாது. புடவையில் இடுப்பு இருந்தது, சாவியும் சுருக்குப் பையும் செருகிக்கொள்ளலாம். நைட்டியில் எங்கே செருகுவது? நான் வாங்குகிற ஒவ்வொரு நைட்டிக்கும் பக்கத்துத் தெரு தையல்கார அக்காவிடம் கொடுத்து ஒரு பாக்கெட் வைத்துக்கொள்கிறேன். இதைத் தயாரிக்கிற இடத்திலேயே வைத்தால் என்ன?

மூன்றாவது கடையில் நடந்ததை எழுதும்போதே கை நடுங்குகிறது. அங்கே கீழ்த்தளத்திலேயே புடவை இருந்தது, ஒரு ஸ்டூலும் கொடுத்தார்கள். காட்டுகிற ஆளுக்கு நாற்பது வயது இருக்கும். அத்தையைப் பார்த்ததும் சாம்பல், சந்தனம், வெளுத்த நீலம் என்று எடுத்துப் போட்டார். அத்தை அலமாரியைக் காட்டி, "அந்த மயில் கழுத்து எடுப்பா" என்றார். பச்சையும் நீலமும் மாறி மாறி அடிக்கிற நல்ல நிறம். அவர் அத்தையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார். "அவங்களுக்கா? இந்தக் கலரா?"

மாமனார் போய்ப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அத்தை பொட்டு வைப்பதை விடவில்லை, நிறத்தையும் விடவில்லை. அதற்காகச் சொந்தக்காரர்களிடம் எவ்வளவு பேச்சுக் கேட்டார் என்று எனக்குத்தான் தெரியும். அவ்வளவையும் தாங்கியவர், அந்த ஒரு கேள்விக்கு நீட்டின கையை இழுத்துக்கொண்டார். "வா, போலாம்" என்றார். நான் ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியும் சேர்ந்துதான் இதை எழுத வைக்கிறது.

எனக்கும் இப்போதே ஆரம்பித்துவிட்டது. அரக்குச் சுடிதாரை எடுத்தால், "ஆன்ட்டி, உங்க ஏஜுக்கு இது பாருங்க" என்று ஒரு மங்கலானதை நீட்டுகிறார்கள். என் வயதுக்கு என்ன நிறம் என்று யார் முடிவு செய்தது? அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, இவையெல்லாம் என் கண்ணுக்கு இன்னமும் பிடிக்கிறது.

எழும்பூர் கோ-ஆப்டெக்ஸ் போகலாமே என்பீர்கள். போவேன். 1935-லிருந்து இருக்கிற நெசவாளர் சங்கம், தீபாவளிக்கு 30 சதவீதம் தள்ளுபடியும் உண்டு. நல்ல நாளுக்குக் கட்ட அங்கேதான் எடுக்கிறோம். அன்றாடம் துவைத்துக் கட்டுகிற புடவைக்கு நடக்கிற தூரத்தில் ஒரு கடை வேண்டும், அதுதான் என் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை தவணைக்காரம்மா வந்தார். மூட்டை கட்டிக்கொண்டு வீடு வீடாக வருவாரே, அவர்தான். மாசா மாசம் அட்டையில் குறித்துக்கொண்டு போவார். கடையை விட விலை கொஞ்சம் கூடத்தான். அத்தை வாசலில் நாற்காலியில் இருந்தார். அந்தம்மா தரையில் உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்து, சின்னாளப்பட்டி சுங்குடி நாலைந்தை எடுத்து அத்தை மடியிலேயே போட்டார். "உனுக்கு எது புடிச்சிருக்கோ அத எடு ஆயா. மத்தவங்க கெடக்கட்டும்."

அத்தை கசக்கிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு இழை உருவி எச்சில் தொட்டுத் தேய்த்தார். கொஞ்சம் சாயம் ஒட்டியது. "மொத தண்ணிக்குப் போவும், உப்பு போட்டு ஊற வெச்சிடு" என்று அந்தம்மா உள்ளதைச் சொன்னார். அத்தை சிரித்துவிட்டு அதையே எடுத்துக்கொண்டார். 750 ரூபாய், ஐந்து தவணை. கத்தரிப்பூ நிறம்.

மயில் கழுத்து இன்னும் கிடைக்கவில்லை. வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர், எங்கேயாவது ஃபுல் வாயிலோ நல்ல காட்டனோ அந்த நிறத்தில் இருந்தால் சொல்லுங்கள். முன்கொக்கி ஜாக்கெட்டை லைனிங் இல்லாமல் தைக்கிற டெய்லர் யாராவது தெரிந்தாலும் சொல்லுங்கள். கடை என்றால் எத்தனை படி, உட்கார இடம் உண்டா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அடுத்த வாரம் அத்தையைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.