கடைசி அணியை எத்தனை பாயிண்டில் அடித்தீர்கள்?

மூன்று வாரமாக எழுதலாமா வேண்டாமா என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இன்று நைட் டியூட்டி முடிந்து வந்தும் தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன். என் மகளின் அணி ஒரு போட்டியிலிருந்து வெளியேறிய விதம் பற்றி, கொஞ்சம் நீளமான பதிவு. கேலிக் ஃபுட்பால் என்றால் என்னவென்று தெரியாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். அயர்லாந்துக்கு வரும்வரை எனக்கும் தெரியாது.

தெரியாதவர்களுக்காக ரெண்டே வரி. பந்தைக் கையிலும் எடுக்கலாம், காலாலும் உதைக்கலாம். ஆனால் கையில் வைத்துக்கொண்டு நாலு எட்டுக்கு மேல் ஓடக் கூடாது. தரையில் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் காலில் தட்டித் திரும்பக் கைக்குக் கொண்டுவர வேண்டும். கம்பத்துக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், மூன்று பாயிண்ட். மேலே போனால் ஒரு பாயிண்ட். ஸ்கோரை 2-05 என்று எழுதுவார்கள்: இரண்டு கோல், ஐந்து பாயிண்ட், ஆக மொத்தம் 11. இதை மனதுக்குள் கூட்டிப் பார்க்கப் பழகவே எனக்கு ஒரு வருடம் ஆனது.

1884ல் தர்லஸ் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் கூடித் தொடங்கிய சங்கம் ஜிஏஏ (கேலிக் அத்லெடிக் அசோசியேஷன்); இந்த ஆட்டங்களை நடத்துவது அதுதான். பெண்கள் கேலிக் ஃபுட்பாலுக்கு 1974ல் தனிச் சங்கம் வந்தது. ஆனால் ஊர் மட்டத்தில் பார்த்தால் மைதானம், பயிற்சி கொடுக்கிறவர்கள், சாண்ட்விச் செய்து கொண்டுவருகிற பெற்றோர் எல்லாம் ஒரே கூட்டம்தான். இங்கே ஆட்டத்துக்குச் சம்பளம் கிடையாது. 82 ஆயிரம் பேர் கொள்ளும் டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம் ஆடியவர் மறுநாளோ அதற்கடுத்த வாரமோ வகுப்பறையில் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். கிளப் என்பது பெரும்பாலும் நம்மூர்க் கத்தோலிக்கர்கள் சொல்கிற ‘பங்கு’தான், அதாவது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த வட்டாரம். நீ எந்தப் பங்கில் இருக்கிறாயோ அந்த அணிக்கு ஆடு, அவ்வளவுதான். வந்தேறிகளான எங்களுக்கு இந்த ஊரில் முதலில் திறந்த கதவு இந்த கிளப்புடையது. அந்த நன்றியோடுதான் இனி வரும் குறையைச் சொல்கிறேன்.

சிறுவர் சிறுமியருக்கான பெரிய போட்டிக்கு ஃபேலா என்று பெயர். ஐரிஷில் திருவிழா என்று பொருள். மட்டையால் ஆடும் ஹர்லிங் ஆட்டத்துக்கு 1971ல் தொடங்கியது, கால்பந்துக்கு எண்பதுகளில் வந்தது. முன்பெல்லாம் வெளியூர் அணிப் பிள்ளைகள் போட்டி நடக்கிற ஊரில் யாராவது வீட்டில் தங்குவார்களாம். இன்று ஐம்பது வயதைத் தாண்டிய என் சக நர்ஸ் ஒருவர், தான் தங்கிய வீட்டில் கொடுத்த ஆப்பிள் டார்ட்டைப் பற்றி இன்னும் பேசுகிறார். யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் நினைவில்லை என்கிறார். இப்போது 15 வயதுக்குட்பட்டோருக்கு நடக்கிறது. முதலில் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அளவில், அதில் தேறியவர்கள் மேலே போவார்கள்.

அந்தத் ‘தேறுவது’ பற்றித்தான் என் பேச்சு.

எங்கள் குரூப்பில் நாலு அணிகள். நாங்கள். கவுண்டியின் பெரிய டவுன் கிளப். ஏரிக்கரைப் பக்கத்து அணி. அப்புறம் மூன்று சிறு ஊர்கள் சேர்ந்து ஆள் திரட்டிய ஓர் அணி. ஒரு பக்கம் 11 பேர் ஆட வேண்டிய போட்டிக்கு அந்த அணியில் வந்தவர்கள் 12 பேர். ஒருத்திக்குக் கணுக்காலில் கட்டு. எல்லாம் ஒரே நாளில், பாதிக்குப் பத்து நிமிடம். முதல் இரண்டு அணிகள் அரையிறுதிக்கு.

நாங்கள் டவுன் கிளப்பை 2 பாயிண்டில் ஜெயித்தோம். யாரும் எதிர்பார்க்கவில்லை. அடுத்து ஏரிக்கரை அணியிடம் ஒரே ஒரு பாயிண்டில் தோற்றோம். டவுன் கிளப் ஏரிக்கரையை 3ல் ஜெயித்தது. ஆக மூன்று அணிகளும் ஒருவரை ஒருவர் அடித்து, ஆளுக்கொரு வெற்றி, ஆளுக்கொரு தோல்வி. மிச்சம் இருந்தது அந்த 12 பேர் அணியோடு ஆடுகிற ஆட்டம்.

டவுன் கிளப் அவர்களை 4-08க்கு 0-01 என்று அடித்தது. 19 பாயிண்ட் வித்தியாசம். ஏரிக்கரை 17 பாயிண்டில். நாங்கள்? எங்கள் பயிற்சியாளர், பால் பண்ணை வைத்திருக்கிற மனிதர், அதுவரை உட்கார்ந்தே இருந்த மாற்று ஆட்டக்காரிகள் எல்லோரையும் ஆட்டம் தொடங்கும்போதே இறக்கிவிட்டார். நன்றாக ஆடுகிறவர்கள் வெளியே உட்கார்ந்து ஆரஞ்சு தின்றார்கள். 2-03க்கு 1-01, ஐந்து பாயிண்டில் ஜெயித்தோம். அந்த மூன்று ஊர் அணி அன்று முழுக்க அடித்த ஒரே கோல் எங்களுக்கு எதிராகத்தான். அதை அடித்த பெண்ணைக் கட்டுப் போட்டிருந்தவள் உட்பட அத்தனை பேரும் போய்க் கட்டிக்கொண்டார்கள். எங்கள் பக்கத்துப் பெற்றோர் சிலரும் கைதட்டினோம்.

கைதட்டிப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, பட்டியல் வந்தது. மூவருக்கும் சமமான லீக் புள்ளிகள். இரண்டு அணிகள் சமம் என்றால் அவர்களுக்குள் யார் ஜெயித்தார்கள் என்று பார்ப்பார்கள். மூன்று அணி என்றால் மொத்த ஸ்கோர் வித்தியாசம். டவுன் கிளப்புக்கு 20. ஏரிக்கரைக்கு 15. எங்களுக்கு 6. வீட்டுக்குப் போகலாம்.

நம்மவர்களுக்கு இது புரியாத கணக்கு இல்லை. 2024 ஐபிஎல்லில் சென்னையும் பெங்களூரும் 14 புள்ளியில் நின்று, நெட் ரன் ரேட்டில் பெங்களூர் மேலே போன இரவில் இந்த முகநூலே அழுதது. ஆனால் அங்கே கோடிகளில் சம்பளம் வாங்குகிறவர்கள், கையில் கால்குலேட்டரோடு ஓர் ஆய்வாளர், எந்த ஓவருக்குள் எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்து ஆடினார்கள். இங்கே வாயில் பல்லைக் காக்கும் கம்ஷீல்டைக் கடித்துக்கொண்டு 13, 14 வயதுப் பெண்கள்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்று இறக்கப்பட்ட மாற்று ஆட்டக்காரிகளில் என் மகளும் ஒருத்தி. முதல் இரண்டு ஆட்டங்களில் அவள் களத்தில் இருந்தது மொத்தம் மூன்று நிமிடம். இங்கே வயதுப் பிரிவுக்கு ஜனவரி 1 கணக்கு. இவள் நவம்பரில் பிறந்தவள், ஜனவரியில் பிறந்தவள் பக்கத்தில் நின்றால் தங்கை மாதிரி இருப்பாள். (கனடாவில் ஐஸ் ஹாக்கியில் மேலே வருகிறவர்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் என்று எண்பதுகளிலேயே எண்ணிக் காட்டிவிட்டார்கள். அது வேறு கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.) அந்த மூன்றாவது ஆட்டத்தில்தான் அவள் இருபது நிமிடமும் ஆடினாள். ஒரு பாயிண்ட்கூட அடித்தாள்.

காரில் வரும்போது நாற்பது நிமிடம் பேச்சே இல்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது கேட்டாள்: “அம்மா, நாங்க உள்ள இறங்காம இருந்திருந்தா நம்ம டீம் போயிருக்கும்ல?”

நான் “அப்படியெல்லாம் இல்லடா” என்றேன். பொய். கணக்குப்படி அவள் சொன்னதுதான் சரி.

என் கோபம் இங்கேதான். ஏரிக்கரைப் பிள்ளைகள் மேலேயோ டவுன் கிளப் மேலேயோ இல்லை. விதி தெரிந்து ஆடினார்கள், அதில் தப்பே இல்லை. பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுத்ததும் இந்த விதி சொல்லிக்கொடுப்பதும் நேர் எதிராக இருக்கிறதே என்பதுதான் என்னைக் குடைகிறது. இங்கே 12 வயது வரை ‘கோ கேம்ஸ்’ என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கோப்பை கிடையாது, பட்டியல் கிடையாது, வந்த பிள்ளை ஒவ்வொன்றும் முழு ஆட்டமும் ஆட வேண்டும். எவ்வளவு அழகான விஷயம்! நம்மூரில் பி.டி. பீரியடில் ஓரமாக நின்றே வளர்ந்த எனக்கு அதைப் பார்த்துக் கண் கலங்கியது உண்மை. அப்படி ஆறு ஏழு வருடம் பழக்கிவிட்டு, 14 வயதில் திடீரென்று, எல்லோரையும் ஆட விட்ட அணிக்குத் தண்டனை, பலவீனமான அணியை ஈவிரக்கமில்லாமல் அடித்தவர்களுக்கு அரையிறுதி. நாம் எதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம்?

சரி, மாற்று வழி என்ன என்று கேட்பீர்கள். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையில் அணிகள் சமமாக நின்றால், முதலில் அந்த அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் எடுத்து ஒரு குட்டிப் பட்டியல் போடுவார்கள். அதை இங்கே போட்டுப் பாருங்கள். கடைசி அணியோடு ஆடியதை விட்டுவிட்டால் எங்களுக்கு +1, டவுனுக்கு +1, ஏரிக்கரைக்கு –2. டவுனை நாங்கள் ஜெயித்திருக்கிறோம். நாங்கள் முதலிடம், டவுன் இரண்டாமிடம். அதே மைதானம், அதே மழை, அதே ஸ்கோர். காகிதத்தில் ஒரு வரி மாறினால் வேறு பிள்ளைகள் அழுதிருப்பார்கள்.

அதாவது ஏரிக்கரை அழுதிருக்கும். அதையும் யோசித்தேன். ஆனால் அவர்கள் வெளியேறியதற்குக் காரணம் டவுன் கிளப்பிடம் தோற்றது என்று இருந்திருக்கும். கட்டுப் போட்ட காலோடு நின்ற பெண்ணை எவ்வளவு அடித்தோம் என்பது காரணமாக இருந்திருக்காது.

அது வேண்டாம் என்றால் இன்னொன்று: வித்தியாசத்துக்கு ஓர் உச்சவரம்பு. அமெரிக்காவில் சிறுவர் கால்பந்துப் போட்டிகள் பலவற்றில் ஓர் ஆட்டத்தில் குறிப்பிட்ட கோலுக்கு மேல் எத்தனை அடித்தாலும் கணக்கில் வராது. இங்கே ஓர் ஆட்டத்துக்கு 8 பாயிண்ட் என்று வைத்துப் பார்த்தேன். டவுன் 9, ஏரிக்கரை 6, நாங்கள் 6. எங்களுக்கு அப்போதும் ஏரிக்கரையோடு இழுபறிதான். பரவாயில்லை, குறைந்தபட்சம் எட்டு பாயிண்ட் வித்தியாசத்துக்குப் பிறகு எதிரணியை மிதிக்க யாருக்கும் காரணம் இருக்காதே.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அன்றிரவு நடந்த சண்டையை இங்கே எழுத முடியாது. சுருக்கமாக: பயிற்சியாளருக்கு விதி தெரிந்திருக்க வேண்டும் என்றது ஒரு கட்சி. அவர் பாவம், இரண்டு ஜெயித்தால் போதும் என்று நினைத்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். பால் கறக்கிற நேரம் போக மிச்ச நேரத்தில் சம்பளமில்லாமல் வந்து நிற்கிறவர் 20 பக்க விதிமுறையைப் படிக்கவில்லை என்று குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. (அன்று மாலை ஒரு மணி நேரம் எனக்கும் அவர் மேல் கோபம் இருந்தது. என் மகளை ஆட விட்டவர் என்பதையே மறந்து!) இன்னொரு கட்சி, பிள்ளைகள் தோற்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றது. கற்கட்டும். ஏரிக்கரையிடம் ஒரு பாயிண்டில் தோற்றபோது அழகாகக் கைகுலுக்கிவிட்டுத்தான் வந்தார்கள். தோல்வியை அவர்கள் ஏற்றார்கள். ஜெயித்த ஆட்டம் எப்படித் தோல்வி ஆனது என்பதுதான் அவர்களுக்குப் புரியவில்லை.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது, பெரியவர்கள் தங்களுக்கு மட்டும் இரண்டாம் வாய்ப்பை எப்போதோ ஏற்பாடு செய்துகொண்டார்கள் என்பது. ஆண்கள் சீனியர் கால்பந்தில் நூறு வருடத்துக்கும் மேலாக ஒருமுறை தோற்றால் வெளியே என்றுதான் இருந்தது. 2001ல் ‘பின்வாசல்’ திறந்தார்கள். தன் மாகாணத்தில் ராஸ்காமன் கவுண்டியிடம் தோற்ற கால்வே கவுண்டி அணி அந்த வருடமே அந்த வாசல் வழியாக வந்து அகில அயர்லாந்துக் கோப்பையைத் தூக்கியது. முழு நீள ஆட்டம் ஆடுகிற வளர்ந்த ஆண்களுக்கு ஒருநாள் சறுக்கினால் மன்னிப்பு உண்டு. இருபது நிமிட ஆட்டம் ஆடுகிற 13 வயதுப் பெண்ணுக்குக் கிடையாது.

அப்புறம் அந்த மூன்று ஊர் அணி எங்கள் குரூப்புக்கு எப்படி வந்தது என்பதையும் கேட்க வேண்டும். விசாரித்தபோது சொன்னார்கள்: இரண்டு வருடம் முன்பு அவர்கள் கீழ்ப் பிரிவில் ஜெயித்தார்களாம், அதனால் மேலே ஏற்றிவிட்டார்கள். இரண்டு வருடம் முன்பு ஜெயித்த பிள்ளைகள் இன்று 16, 17 வயதில் வேறு அணியில் ஆடுகிறார்கள்! சிறுவர் விளையாட்டில் அணியின் பெயர் மட்டும்தான் அப்படியே இருக்கும், உள்ளே இருக்கிற ஆட்கள் வருடா வருடம் வேறு. அக்கா வாங்கிய மார்க்கை வைத்துத் தங்கைக்கு செக்‌ஷன் பிரிக்கிற வேலை இது. மார்ச், ஏப்ரலில் நடக்கிற லீக் ஆட்டங்களைப் பார்த்து அந்தந்த வருடப் பிள்ளைகளுக்குத் தகுந்த பிரிவில் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அந்த 12 பேரும் தங்களுக்குச் சமமானவர்களோடு ஆடி இரண்டு மூன்று கோல் அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். எங்களுக்கும் இந்த வித்தியாசக் கணக்கு வந்திருக்காது.

இந்தச் சங்கத்தில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம், கீழே இருக்கிற கிளப் ஆண்டுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டு நிறைவேற்றினால் அதைக் கவுண்டிக் கூட்டம் வரை கொண்டுபோகலாம். எந்த ஊரில் பிறந்தாய் என்று கேட்க மாட்டார்கள், சந்தா கட்டியிருக்கிறாயா என்பதுதான் கேள்வி. கட்டியிருக்கிறேன். அதனால் எழுதிவிட்டேன், மூன்றே வரி: 15 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் அணிகள் சமமாக நின்றால் அவை தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களையே முதலில் கணக்கில் எடுக்க வேண்டும். என் இங்கிலீஷை மகள் திருத்திக் கொடுத்தாள். ‘பலவீனமான அணி’ என்று நான் எழுதியிருந்த இடத்தை அடித்துவிட்டு ‘மற்ற அணி’ என்று மாற்றியதும் அவள்தான்.

முன்மொழிய நான் இருக்கிறேன், வழிமொழிய ஒருவர் வேண்டும் என்று நேற்றுக் குழுவில் கேட்டேன். அன்றிரவு பயிற்சியாளரை அதிகம் திட்டிய அந்த அம்மாதான் முதலில் கை தூக்கியிருக்கிறார்.