புது மானியம் பிறகு இருக்கட்டும், பழைய பாக்கியை முதலில் வாங்கிக் கொடுங்கள்

நிதி நெருக்கடி வந்தால், சிறுதொழில்களுக்கு உதவும் அரசு அலுவலகங்களான மாவட்டத் தொழில் மையங்களுக்கு மேலிருந்து வரும் உத்தரவு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: எல்லாத் தலைப்பிலும் இத்தனை சதவீதம் குறை. பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் சம்பளத்தில் கை வைக்க முடியாது, மின்கட்டணத்திலும் முடியாது. வெட்டு போய் விழுவது ஜீப்புக்கான டீசலிலும் பயணப்படியிலும்தான். அலுவலகம் அப்படியே இயங்கும், அதிகாரி மட்டும் பட்டறைப் பக்கம் போகமாட்டார். 1978-இல் இந்த மையங்களைத் தொடங்கியதே சிறுதொழில் செய்பவர் பத்து இடத்துக்கு அலையக் கூடாது என்பதற்காக. அந்த வேலைதான் முதலில் நிற்கிறது.

பணம் குறைந்தால் வேலையையும் குறைக்க வேண்டியதுதான். எதை என்று தேர்ந்தெடுத்துக் குறைக்க வேண்டும் என்பதே என் வாதம்.

ஒருநாள் விழிப்புணர்வு முகாம்களையும் கண்காட்சி ஸ்டால்களையும் தயங்காமல் நிறுத்தலாம். அடுத்தது புதிய மூலதன மானிய அறிவிப்புகள், அதாவது மெஷினில் போட்ட பணத்தில் ஒரு பங்கை அரசு திருப்பித் தரும் திட்டங்கள். இந்த மானியத்துக்கு மனு போடுவதே மெஷின் வாங்கி, உற்பத்தி தொடங்கிய பிறகுதான். அதாவது முதலீட்டு முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. பிறகு ஆய்வு, ஒப்புதல், ஒதுக்கீட்டுக்குக் காத்திருப்பு. அதுவரை தொழில் செய்பவர் வங்கிக்கு வட்டி கட்டிக்கொண்டே இருக்கிறார். ஒப்புதல் கொடுத்த மனுக்களுக்கே பணம் போகாதபோது இன்னொரு திட்டத்தை அறிவிப்பது வரிசையை நீட்டுவது மட்டுமே. வரிசையை வெளிப்படையாகப் போட்டு, சின்னத் தொகைகளை முதலில் தீர்த்தால் அதே பணத்தில் அதிகம் பேருக்கு மூச்சு வரும்.

பிஎம்இஜிபி (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம்) போன்ற, வங்கிக் கடனோடு சேர்ந்த மானியம் வேறு கதை. அங்கே மானியத் தொகை கடன் கணக்கோடு இணைந்து 3 ஆண்டு வைப்பாக இருக்கும், அதற்கு ஈடான கடனுக்கு வட்டி ஏறாது. அதைத் தொட வேண்டாம். ஆனால் இலக்குக்காக மனுக்களைக் கட்டுக்கட்டாக வங்கிக்கு அனுப்புவதை விடலாம். காப்பியடித்த திட்ட அறிக்கை, நடைமுறை மூலதனமே (அன்றாடச் செலவுக்கான பணமே) இல்லாத கணக்கு, ஜிஎஸ்டி எண் பொருந்தாத கொட்டேஷன்: திரும்பி வரும் மனுக்களில் இவற்றைத்தான் பார்க்கலாம். குறைவாக அனுப்பி, சரிபார்த்து அனுப்புங்கள்.

இப்படி மிச்சமாகும் ஆள்பலத்தை எங்கே போடுவது? வரவேண்டிய பாக்கியில். சிறு யூனிட்களை மூட வைப்பது பல நேரம் ஆர்டர் இல்லாததல்ல, சரக்கு போய்ப் பணம் வராதது. இதற்கு அரசு செலவழிக்க வேண்டியது அதிகாரியின் நேரம் மட்டுமே, சட்டமும் ஏற்கெனவே இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் சரக்குக்குப் பணம் தரும் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டியான வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. அந்த விகிதம் 6 சதவீதம் என்று வைத்தால், 10 லட்சம் பாக்கிக்கு ஓராண்டில் சுமார் 1 லட்சத்து 95 ஆயிரம் வட்டி.

ஆனாலும் கேஸ் ஏன் ஜெயிப்பதில்லை? ஆர்டர் போனிலோ வாட்ஸ்அப்பிலோ வந்திருக்கும், பர்ச்சேஸ் ஆர்டர் இருக்காது. டெலிவரி சலானில் பார்ட்டியின், அதாவது சரக்கு வாங்கியவரின், சீல் இருக்காது. உத்யம் பதிவை, அதாவது சிறுதொழில் என்று மத்திய அரசிடம் செய்யும் பதிவை, பிரச்சினை வந்த பிறகு எடுத்திருப்பார்கள், சப்ளைக்கு முன்பே எடுத்து வைப்பதுதான் பாதுகாப்பு. வாங்கி விற்பவருக்கும் நடுத்தர நிறுவனத்துக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது, அது தெரியாமல் மனு போடுவார்கள். பார்ட்டி ஆறு மாதம் கழித்து 'தரம் சரியில்லை' என்பார். சரக்கு போன 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வரவில்லை என்றால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். இந்த ஒரு வரி தெரிந்திருந்தாலே பாதிச் சண்டையில் பயப்பட வேண்டியதில்லை.

ஆகவே ஒவ்வொரு மையத்திலும் வாரம் இரண்டு நாள் ஒரு மேஜை வேண்டும். அங்கே இன்வாய்ஸ், சலான், இ-வே பில் (சரக்கு கொண்டுபோனதற்கான ஜிஎஸ்டி சீட்டு), லெட்ஜர் கன்ஃபர்மேஷன் (பாக்கி இவ்வளவு என்று பார்ட்டி ஒப்புக்கொண்ட கணக்கு), உத்யம் சான்று எல்லாவற்றையும் பார்த்து, குறை இருந்தால் அன்றே சொல்ல வேண்டும். இந்தப் பாக்கி வழக்குகளைத் தீர்க்க அதே சட்டத்தில் உள்ள பெசிலிடேஷன் கவுன்சிலுக்குப் போகும் முன் மையத்தின் பெயரில் பார்ட்டிக்கு ஒரு கடிதம் போகட்டும். சிறு யூனிட்காரர் பயப்படுவது சட்டத்துக்கு அல்ல, அடுத்த ஆர்டர் போய்விடுமே என்றுதான். உறவு முறிந்த பிறகுதான் கேஸ் போடுகிறார். கடிதம் அரசிடமிருந்து போனால் அந்தப் பழி அவர் மேல் விழாது. பாக்கி வைத்திருப்பது அரசுத் துறையோ பொதுத்துறை நிறுவனமோ என்றால் மாவட்ட ஆட்சியர் கூட்டத்திலேயே எடுக்கலாம்.

இன்னொன்று. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் சிறு யூனிட்களின் பில்லுக்கு வங்கிகள் முன்கூட்டியே பணம் தரும் ட்ரெட்ஸ் என்ற இணையதளத்தில் 2025 மார்ச்சுக்குள் சேர்ந்திருக்க வேண்டும் என்று மத்திய அரசு ஆணை இருக்கிறது. மாவட்டத்தில் அப்படி எவை, அவற்றுக்குச் சப்ளை செய்யும் யூனிட்கள் எவை என்று பட்டியல் எடுப்பது ஒரு உதவி இயக்குநருக்கு ஒரு மாத வேலை. பார்ட்டி அங்கே பில்லை ஏற்றுக்கொண்டால் வங்கி தன் கழிவைப் பிடித்துக்கொண்டு மீதிப் பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிடும். பிறகு பார்ட்டி கட்டாமல் போனாலும் வங்கி சப்ளை செய்தவரைத் தேடி வராது.

ஒரே தொழில் செய்யும் பல யூனிட்கள் மெஷின்களைப் பகிர்ந்துகொள்ளும் பொது வசதி மையங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதிய கட்டடத்துக்கு நிதி கேட்பதற்கு முன் இருப்பவற்றை ஓட வையுங்கள். வார்ப்படத் தொழில் கிளஸ்டரில் (ஒரே இடத்தில் கூடியுள்ள யூனிட்களில்), உலோகத்தில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று சோதிக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரை மானியத்தில் வாங்கிவிடலாம். ஆனால் ஆர்கான் வாயு இல்லாமல் அது ஒரு சாம்பிளைக்கூடச் சோதிக்காது. சிலிண்டர், அளவீட்டுச் சான்று, ஆபரேட்டர் சம்பளம் இவையெல்லாம் மானியத்தில் வராது, உறுப்பினர் கட்டணத்திலிருந்துதான் வர வேண்டும். அந்தக் கட்டணத்தை முதல் நாளே நிர்ணயிக்காத மையம் பூட்டிக் கிடக்கும்.

கவுன்சில் தீர்ப்போடு வேலை முடிவதுமில்லை. பார்ட்டி மேல்முறையீட்டுக்குப் போக 75 சதவீதத் தொகையைக் கட்ட வேண்டும், அது நல்ல பிடி. ஆனால் மேல்முறையீடும் போகாமல் பணமும் தராமல் இருந்தால், தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனுவுக்கு நீதிமன்றம் ஏற வேண்டியது சிறு யூனிட்காரர்தான், தனியாக. கவுன்சில் அமரும் சென்னை, கோவை, திருச்சி, மதுரை ஒவ்வொன்றிலும் இதற்கென ஒரு வழக்கறிஞரைத் தொகுப்பூதியத்தில் வைக்க, ஒரு கண்காட்சிக்குப் பந்தல் போடும் செலவிலிருந்தே தொடங்கலாம். மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் 'எத்தனை மனு அனுப்பினீர்கள்' என்ற கட்டத்துக்கு முன்னால் 'எவ்வளவு பாக்கி வசூலானது' என்று ஒரு கட்டம் சேருங்கள்.