சமூக நிறுவனங்களுக்கு முதலில் வேண்டியது நேரத்துக்கு வரும் பணம்

சமூக நோக்கத்துடன் தொழில் நடத்துபவர்களுக்குச் சென்னையில் ஆதரவே இல்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. சமூகத் தொழில்முனைவோரை வளர்த்தெடுக்க 2001-இல் தொடங்கப்பட்ட வில்குரோ அமைப்பு இங்கிருந்துதான் இயங்குகிறது, ஐ.ஐ.டி.யில் இளம் நிறுவனங்களை வளர்த்தெடுக்கும் மையம் உண்டு. மாநில அரசு ‘டான்சீட்’ திட்டத்தின் வழியே தொழில் தொடங்குவோருக்கு விதை நிதி வழங்குகிறது. பயிற்சியும் வழிகாட்டிகளும் பரிசுகளும் கிடைக்கின்றன. ஆனால் செய்து கொடுத்த வேலைக்குப் பணம் எப்போது வரும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இத்தகைய சில சிறு அமைப்புகளுக்குக் கணக்கு எழுதித் தரும் எனக்கு, அவை தள்ளாடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதில் ஐயமில்லை.

தீபாவளிப் பரிசுப் பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்கள் சில, மகளிர் குழுக்களிடம் சிறுதானியப் பலகாரமும் பனையோலைப் பெட்டியும் வாங்குவது மனமாரப் பாராட்ட வேண்டிய வழக்கம். ஆனால் ஐப்பசியில் வாங்கிய சரக்குக்குத் தை பிறந்த பிறகு பணம் வந்தால், அதுவரை ஓலை கொடுத்தவருக்கும், வெல்ல மண்டிக்கும், வாரக் கூலி வாங்கும் பெண்களுக்கும் குழுதான் கொடுத்தாக வேண்டும். மாதந்தோறும் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் குழுவாக இருந்தால், பில் தொகை கைக்கு வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் வரியைக் கட்டியாக வேண்டும். ஈடு காட்டச் சொத்தில்லாதவர்களுக்கு வங்கி எளிதில் கடன் தருவதில்லை. எனவே குழுத் தலைவியின் நகை அடகுக் கடைக்குப் போகிறது, அல்லது தண்டல்காரர் வருகிறார். ஆட்களைக் குறைத்துச் சமாளிக்கவும் வழியில்லை, ஏனென்றால் அந்தப் பெண்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே தொடங்கப்பட்ட அமைப்பு அது.

சட்டத்தில் குறையொன்றும் பெரிதாக இல்லை. குறு, சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லையென்றால் 15 நாளிலும் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி உண்டு. சுய உதவிக் குழுவும் அறக்கட்டளையும்கூட, சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவைப் பெறலாம். ஆனால் அடுத்த ஆண்டு ஆர்டர் போய்விடுமே என்ற அச்சத்தில் புகார் கொடுக்க யாரும் முன்வருவதில்லை, அந்த அச்சத்தைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

உறுதியாக வாங்குபவர் ஒருவர் இருந்தால் நிலைமையே வேறு. மதுரையில் 1992-இல் ஆரோலேப் என்ற நிறுவனம் தொடங்கியபோது, அது செய்யும் கண் லென்ஸை வாங்குவதற்கு அரவிந்த் கண் மருத்துவமனை அருகிலேயே இருந்தது. அந்த உறுதியான வாங்குபவரின் பங்கைச் சேர்க்காமல் அதன் வளர்ச்சியைப் பேசுவது அரைக் கதைதான்.

நிறுவனங்கள் தம் இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்கு ஒதுக்குவதை நான் மதிக்கிறேன். எனினும் அந்த நிதியை மேடையில் வழங்கும் நிறுவனத்தின் கொள்முதல் பிரிவே, மூன்றாண்டு விற்றுமுதல் காட்டு, 90 நாள் காத்திரு என்று சிறு குழுவிடம் சொல்லும்போது, ஒரு கை கொடுத்ததை மறு கை எடுத்துக்கொள்கிறது. தீபாவளி ஆர்டர் பேச்சு ஆவணியிலேயே தொடங்கிவிடும். அந்தப் பொறுப்பில் இருக்கும் நண்பர்கள், பாதித் தொகை முன்பணம், சரக்கு வந்த 15-ஆம் நாளுக்குள் மீதி என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதித் தாருங்கள்.