உருகிய கொழுப்பு யார் கணக்கில்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் சந்தையில் ஆட்டிறைச்சியைக் கொழுப்போடுதான் வெட்டித் தருகிறார்கள். அதில் குறையில்லை, பிரட்டலுக்கு ருசியே அதுதான். என் ஆத்திரமெல்லாம் கலோரி கணக்கிடும் செயலிகள் மீது. பச்சை இறைச்சியின் எடையா, வெந்ததன் எடையா என்றுகூடச் சொல்லாமல் பல நேரம் ஓர் எண்ணை நீட்டுகின்றன. வேகும்போது நீர் வற்றி ஏறக்குறைய கால்பங்கு எடை போய்விடும். நீரோடு கலோரி போகுமா? உருகிய கொழுப்போ சட்டி ஓரத்தில் மிளகாய்ச் சிவப்பில் மினுமினுத்துக்கொண்டு நிற்கிறது. கிராமுக்கு 9 கலோரி! வடித்து ஊற்றினால் ஒரு கணக்கு, சோற்றில் பிசைந்தால் வேறு கணக்கு. தோட்டத்துச் சமையலில் ஊறிய அம்மா அதில் ஒரு சொட்டையும் வீணாக்க மாட்டார். சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிரட்டி எல்லாருக்கும் உருட்டித் தருவார். இனிப்புநீருக்கு, அதாவது நீரிழிவுக்கு, மருந்து சாப்பிடும் அப்பாவின் உருண்டைக்கு நான் எந்த எண்ணை எழுதிவைப்பது?