துடைப்பத்தையும் கணக்கில் எழுதுங்கள்

போன சனிக்கிழமை முற்பகல், பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். இருபத்து நான்கு வயது இருக்கலாம். கையில் படிவக் கட்டு. தோளில் தொங்கிய பைக்குள் எடை பார்க்கும் இயந்திரம், அளவுநாடா, நான்கைந்து எவர்சில்வர் கிண்ணங்கள், கரண்டிகள். பெண்கள், குழந்தைகளின் உடல்பருமன் பற்றிய ஆய்வாம். வீட்டில் கன்னடம் பேசுகிறவள். தமிழை அக்கம்பக்கத்தில் கற்றுக்கொண்டிருக்கிறாள், இந்த ஊரில் பலரும் செய்வதுபோல. "அரை மணி நேரம் போதும் அக்கா" என்றாள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தவறு அவள்மீது இல்லை.

நேற்று காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை என்னென்ன சாப்பிட்டேன் என்பது முதல் கேள்வி. மூன்று இட்லி, மதியம் சாதம், சாம்பார், பீன்ஸ் பொரியல், இரவு இரண்டு சப்பாத்தி என்று ஒப்பித்தேன். கிண்ணங்களை மேஜைமேல் வரிசையாக வைத்தாள். "சாதம் இதில் எத்தனை அக்கா? தலைதட்டியா, குவியலாகவா?" அதையும் சொன்னேன். எழுதி முடித்துவிட்டு, தலை நிமிராமலே, "பாத்திரம் ஒழிக்கும்போது ஏதாவது வாயில் போட்டீர்களா?" என்று கேட்டாள்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மகன் தட்டில் வைத்துவிட்டு ஓடிய ஒன்றரை இட்லி. மகளின் டப்பாவில் திரும்பி வந்த எலுமிச்சை சாதம். வாணலியின் ஓரத்தில் முறுகி ஒட்டியிருந்த உருளைக்கிழங்கு. நாளைக்குப் புளித்துவிடுமே என்று இரவில் வழித்துக் குடித்த தயிர். அவள் எழுத எழுதப் பக்கம் நிறைந்தது. இதையெல்லாம் நான் சாப்பாடு என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பாத்திரம் கழுவுவதன் முதல் கட்டம், அவ்வளவுதான். சோற்றைக் கொட்டினால் பாவம் என்று வளர்ந்தவள். குப்பைக்கூடைக்கு முன்னால் என் வயிற்றை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

பிறகு வயிற்றுச் சுற்றளவு. 91 செ.மீ. நம் நாட்டுப் பெண்களுக்கு 80-ஐத் தாண்டினாலே எச்சரிக்கை என்று அவள் மெதுவாகச் சொன்னாள்.  உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கிலோ ஐரோப்பியரைவிட நமக்கு எல்லை குறைவு: அங்கே 25-இல் தொடங்கும் மிகை எடை இந்தியருக்கு 23-லேயே தொடங்குகிறது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் யுட்கின் இருவரும் அருகருகே நிற்கும் படமொன்று 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றுதான், 22.3. ஆனால் உடலில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரிகிற நம்மவர்களின் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சுருக்கமான பாடம் கிடையாது. "நான் குண்டாகவே இல்லையே" என்று கண்ணாடியிடம் நியாயம் கேட்கும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன்.

தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு (2019-21) சொல்வது: 25 என்ற தளர்வான எல்லையை வைத்துப் பார்த்தாலே இந்தியப் பெண்களில் 24 சதவீதத்தினர் மிகை எடை அல்லது பருமன் கொண்டவர்கள். கர்நாடகத்தில் 30.1. நமது பிறந்த மண்ணான தமிழ்நாட்டில் 40.4. இதில் மட்டும் நாம் இந்த ஊர்க்காரர்களைத் தோற்கடித்திருக்கிறோம்.

அடுத்து உழைப்பு பற்றிய பகுதி. கடந்த 7 நாட்களில், தொடர்ந்து 10 நிமிடத்துக்குக் குறையாமல், மூச்சு வாங்கும்படி எத்தனை முறை... "மெட்ரோவைப் பிடிக்க ஓடியது?" என்றேன். "எத்தனை நிமிடம் அக்கா?" இரண்டு நிமிடம் இருக்கும். அவள் பேனா நகரவில்லை. அந்தப் பத்து நிமிட விதியை உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே எடுத்துவிட்டது. எவ்வளவு சிறு அசைவும் கணக்குத்தான் என்கிறது. படிவத்துக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலும். அதே நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. இந்த அளவை எட்டாத இந்தியர்கள் 2000-இல் சுமார் 22 சதவீதம். 2022-இல் ஏறக்குறையப் பாதிப்பேர். பெண்களில் 57, ஆண்களில் 42 சதவீதம். 2024-இல் லான்செட் குளோபல் ஹெல்த் வெளியிட்ட கணக்கு இது.

"நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறாயே, அதுவே உடற்பயிற்சிதானே" என்று என் கணவர் சொல்வார். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். அடுப்படியில் நின்று சமைப்பது, சும்மா உட்கார்ந்திருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு உழைப்பு. மிதமான உழைப்பு என்று பெயர் வாங்க மூன்று மடங்காவது வேண்டும். கால் வலிக்கும், இதயத்துக்கு வேலை இருக்காது. அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். 289 நிமிடம் நின்றுவிட்டு, "நீங்கள் அசைவதே இல்லை" என்று மருத்துவரிடம் திட்டு வாங்குகிற ஓர் இனம் நாங்கள்.

இதைவிட என்னைக் குத்திய புள்ளிவிவரம் குழந்தைகளைப் பற்றியது. 11 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 60 நிமிட உழைப்பு வேண்டும்; உலகம் முழுவதும் 81 சதவீதத்தினர் அதை எட்டுவதில்லை என்று 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. பெண்பிள்ளைகள் 85, ஆண்பிள்ளைகள் 78. இந்த விஷயத்தில் உலகிலேயே சற்று நல்ல நிலையில் இருக்கும் பெண்பிள்ளைகள் வங்கதேசத்திலும் இந்தியாவிலும்தான். பெருமைப்படலாமே என்று மேலே படித்தால், காரணம் என்று ஆய்வாளர்கள் ஊகிப்பது: வீட்டில் பெண்பிள்ளைகளுக்கு வேலை அதிகம். ஆண்பிள்ளைகள் நன்றாக இருப்பதற்கு என்ன காரணமாம்? கிரிக்கெட்.

என் வீட்டையே யாரோ ஒளிந்திருந்து பார்த்து எழுதியதுபோல இருந்தது. மகனுக்கு 10 வயது. ஞாயிறு காலை மட்டையோடு போனால் பசித்தால்தான் வருவான். மகளுக்கு 13. இரண்டு வருடமாக மைதானத்துக்குப் போவதில்லை. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கையில் துடைப்பத்தைக் கொடுத்தது நான்தான். பள்ளியிலாவது ஓடுகிறாளா என்றால், தேர்வு நெருங்கினால் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்கிறார். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது மற்ற பெற்றோர்கள் என்னை விநோதமாகப் பார்த்தார்கள்.

எடுத்த எடுப்பில் மனவுறுதி, நாவடக்கம் என்று பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டை இங்கேதான். உடல் எத்தனை நிமிடம் அசைந்தது என்று எண்ணுகிறோம். அந்த நிமிடம் யாருடையது என்று கேட்பதில்லை. தட்டும் அப்படித்தான். மும்பைக் குடிசைப் பகுதிகளில் 2006 முதல் சில ஆண்டுகள் நடந்த சரஸ் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே பெண்களுக்குக் கீரை, பழம், பால் சேர்த்துச் செய்த சிற்றுண்டியைக் கொடுத்தார்கள். சமோசா போல, பஜ்ஜி போல, தெருக்கடைத் தின்பண்டத்தின் வடிவத்திலேயே செய்தார்கள். குழந்தைகளின் பிறப்பு எடை மொத்தத்தில் பெரிதாக உயரவில்லை. ஆனால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய், ஒப்பீட்டுக்கு வைத்திருந்த மற்ற குழுவில் 12.4 சதவீதம், இந்தக் குழுவில் 7.3. நான் கவனித்தது வேறொன்று: சிற்றுண்டியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பவில்லை. மையத்துக்கு வரவழைத்து, கண்ணெதிரே சாப்பிட வைத்தார்கள். வீட்டுக்குப் போயிருந்தால் அந்தச் சமோசா யார் வாய்க்குப் போயிருக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

சென்னை ஆசியாட் காலனியில் ஓர் ஆய்வின் தொடர்ச்சியாக, குடியிருப்பவர்களே பணம் போட்டு ஒரு பூங்கா கட்டினார்கள். வாரத்தில் மூன்று நாளுக்குமேல் உடற்பயிற்சி செய்கிறவர்கள் 14.2 சதவீதத்திலிருந்து 58.7 ஆனார்கள். நடக்க இடம் கிடைத்ததும் நடந்தார்கள். இங்கே பெங்களூரில் பூங்காக்களுக்குப் பஞ்சமில்லை, நேரம்தான் வாய்க்கவில்லை. முன்பெல்லாம் காலை 10 மணிக்குப் பூட்டிவிடுவார்கள். எனக்கு அடுப்படியிலிருந்து விடுதலை கிடைப்பதே பத்தரைக்கு. காலை 5 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும் என்று 2024-இல் அறிவித்தபோது, யாரோ ஒரு பெண் அந்தக் கோப்பில் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். அப்படியெல்லாம் இருந்திருக்காது.

படிவப் பெண் போன மறுநாள், துடைப்பம் கைமாறியது. இனி ஞாயிறு காலை மகன் கூட்டிவிட்டுத்தான் மட்டையை எடுக்க வேண்டும். மகள் பக்கத்துத் தெருவில் பூப்பந்து ஆடப் போகலாம். அவன் முகம் சுளித்தான், ஆனால் கூட்டினான், மூலைகளை விட்டுவிட்டு. நான் ஏரிக்கரையில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தபோது வீடு பளிச்சென்று இருந்தது. மூலைகளும்தான். பால்கனியில் அத்தை கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றிருந்தார், துடைப்பத்தோடு. அவருக்கு 71 வயது.