129 ஸ்லைடுகள், 2 மணி நேரம்

புற்றுநோயைக் கண்டுபிடிப்பதில் கணினி மருத்துவர்களைத் தோற்கடித்துவிட்டது என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டியிருக்கும் நெதர்லாந்தின் கேமலியான்16 என்ற கணினி நிரல்களுக்கான போட்டியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்க வேண்டும்.

மார்பகப் புற்றுநோய் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கிறதா என்று 129 ஸ்லைடுகளில், அதாவது கண்ணாடித் தகட்டில் வைத்துச் சாயமேற்றிய மெல்லிய திசு வெட்டுகளின் ஸ்கேன் படங்களில், பார்க்க வேண்டும். 11 மருத்துவர்களுக்குக் கொடுத்த நேரம் சுமார் 2 மணி. ஒரு ஸ்லைடுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை! அந்த அவசரத்தில் மிகச் சிறிய பரவல்களைத்தான் அதிகம் தவறவிட்டார்கள். நேரக் கட்டுப்பாடு இல்லாமல், ஏறத்தாழ 30 மணி நேரம் எடுத்துப் பார்த்த இன்னொரு மருத்துவர் சிறந்த நிரல்களுக்கு ஈடாகவே செய்தார். இதை விட்டுவிட்டு ‘தோல்வி’ என்று எழுதுவது நியாயமில்லை.

அப்புறம், ஸ்லைடுகள் 2 மருத்துவமனைகளிலிருந்து வந்தவை. நான் திசு ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். ஹீமடாக்சிலின் என்ற சாயம் செல்லின் உட்கருவை நீலமாகவும் ஈயோசின் என்ற சாயம் மற்றதை இளஞ்சிவப்பாகவும் காட்டும். ஆனால் திசுவை வெட்டிய தடிமன், சாயத்தில் வைத்த நேரம், ஸ்கேனர் எல்லாமே நிறத்தை மாற்றும். மருத்துவரின் கண் இதற்குப் பழகிவிடும், ஓரிடத்துப் படங்களில் மட்டும் பயின்ற நிரல் தடுமாறும். சரி, இரண்டு சாயங்களையும் கணக்கிட்டுப் பிரித்து, ஒரு மாதிரிப் படத்தின் நிறத்துக்குக் கொண்டுவரும் முறைகள் உண்டு, நன்றாகவே உதவுகின்றன. மடிந்த திசுவையும் ஃபோகஸ் தவறிய ஸ்கேனையும் அவை சரிசெய்யாது. அதற்குப் புதிதாக வெட்டி, மறுபடி ஸ்கேன் செய்யத்தான் வேண்டும்.